பதினோராம் நம்பர் வண்டிக்கு நான் காட்டிய போர்டு

1. டைம் ஆபீஸ்காரனுக்கு ரேஸில் என்ன வேலை

பல்லடம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் முப்பத்து நாலு வருடம் டைம்கீப்பராக இருந்தேன். காலையில் சங்கு ஊதுவதற்கு முன்னால் கேட்டுக்குப் பக்கத்து அறையில் உட்கார வேண்டும். யார் எத்தனை மணிக்கு வந்தார், யார் வரவில்லை, எந்த மெஷின் எவ்வளவு நேரம் நின்றது, எல்லாம் என் நோட்டில் ஏறும். எனக்கு இன்றுவரை கார் ஓட்டத் தெரியாது. அப்படிப்பட்டவன் ஒரு வருடம் முழுக்கக் கார் ரேஸுக்குப் போய்வந்தேன் என்றால் இப்போதிருக்கும் பையன்கள் நம்ப மாட்டார்கள்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. பெரிய முதலாளியின் தம்பியை நாங்கள் சின்னவர் என்போம். அவர் ஒரு ஸ்டாப்வாட்ச் வாங்கி வந்து, தையல் செக்‌ஷனில் ஒரு பனியனுக்குக் கழுத்து வைக்க எத்தனை செகண்டு ஆகிறது என்று எடுக்கச் சொன்னார். ஒரு வாரம் எடுத்துக் கொடுத்தேன். தாளைப் பார்த்துவிட்டு, “ஏப்பா பழனிசாமி, ஞாயித்துக்கெழம ஊட்ல என்ன வேலை?” என்றார்.

“ஒண்ணுமில்லீங்க.”

“அப்ப என்ற கூட வா. இதே வேலைதான். பனியனுக்குப் பதிலா கார்.”

கோயமுத்தூர்ப் பக்கம், யுத்த காலத்தில் போட்டு அப்படியே விட்ட ஒரு விமானத் தளம் இருந்தது. காலித் தார் பீப்பாய்களையும் வைக்கோல் கட்டுகளையும் வைத்து வளைவு கட்டியிருந்தார்கள். மதியத்துக்குள் காது அடைத்துப் போயிற்று. நிட்டிங் ஹாலில் இருபது மெஷின் ஓடும்போது கேட்கும் சத்தம் எனக்குப் பழக்கம். இது வேறு. நெஞ்சுக்கூட்டில் வந்து முட்டுகிற சத்தம்.

சின்னவரிடம் ஒரு பழைய ஃபியட் இருந்தது. பின்சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, கதவில் வெள்ளை வட்டம் போட்டு 11 என்று எழுதியிருந்தார். அந்த வருடம் தெற்கே மூன்று ஊர்களில் மூன்று ரேஸ். மூன்றிலும் வாங்கும் பாயிண்டைக் கூட்டி, கிளாஸுக்கு ஒரு கோப்பை.

இந்தக் கிளாஸ் சமாசாரத்தை மட்டும் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பின்னால் நடந்தது எல்லாம் அதை வைத்துத்தான். ஃபியட் மாதிரிச் சின்ன எஞ்சின் வண்டிகள் ஒரு கிளாஸ். அதைவிடப் பெரிய எஞ்சின் வைத்தவை நடுக் கிளாஸ். வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார்கள் பெரிய கிளாஸ். மூன்றையும் ஒரே நேரத்தில் ஒரே தளத்தில் ஓட விடுவார்கள். சின்னதுக்குப் பத்து ரவுண்டு, நடுக் கிளாஸுக்குப் பன்னிரண்டு, பெரியதுக்குப் பதினைந்து. பெரிய வண்டிகள் சின்ன வண்டிகளைத் திரும்பத் திரும்பத் தாண்டிப் போகும். ரேஸ் முடிந்தது என்று கட்டம் போட்ட கொடியை ஆட்டுவார்கள். ஆனால் அது எந்தக் கிளாஸுக்கு ஆட்டிய கொடி என்று ஓட்டுகிறவனுக்கு அந்த வேகத்தில் தெரியாது. அதனால் ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் ஆள் ரோட்டோரம் கரும்பலகையோடு நிற்பான். இன்னும் எத்தனை ரவுண்டு பாக்கி என்று சாக்பீஸில் எழுதித் தூக்கிக் காட்டுவான். முடிந்துவிட்டால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி.

எங்கள் வண்டிக்கு அந்த ஆள் நான். எந்த வண்டி என்னைத் தாண்டினாலும் தாளில் அதன் நம்பர் வரிசையில் பென்சிலால் ஒரு கோடு போட்டு ரவுண்டை எண்ணுவேன்.

2. காதர்

முதல் ரேஸில் சின்னவரே ஓட்டினார். நாலாவதாக வந்தார். வண்டியை விட்டு இறங்கி, தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டே, “வண்டி இழுக்க மாட்டீங்குது” என்றார்.

பக்கத்தில் நின்ற காதர், “வண்டி நல்லாத்தானுங்க இழுக்குது. வளைவுக்கு முன்னாலயே காலை எடுத்துப் போடறீங்க” என்று சொல்லிவிட்டான்.

காதர் எங்கள் கம்பெனி ஃபிட்டர். அப்போது அவனுக்கு முப்பது வயது இருக்கும். நிட்டிங் மெஷினில் ஊசி மாற்றுவதில் திருப்பூரில் அவனுக்கு இணையாக நாலு பேர் இருந்தால் அதிகம். மெஷின் ஓடும் சத்தத்தைக் கேட்டே எந்தப் பக்கத்தில் ஊசி மடங்கியிருக்கிறது என்று கைவைத்துக் காட்டுவான். ஃபியட்டின் எஞ்சினைப் பிரித்து மாட்டியதும் அவன்தான்.

வேறு முதலாளியாக இருந்தால் அந்தப் பேச்சுக்கு அன்றே கணக்கு முடித்து அனுப்பியிருப்பார். சின்னவருக்கு ரேஸ் மேல் அவ்வளவு ஆசை. “அப்ப நீ ஓட்டிக் காட்டுறா பாப்போம்” என்று சாவியைக் கொடுத்தார். தளம் காலியாக இருந்த நேரத்தில் காதர் மூன்று ரவுண்டு ஓட்டினான். நான் வாட்சைப் பிடித்தேன். சின்னவரைவிட ஒரு ரவுண்டுக்கு ஆறு செகண்டு குறைவு. தாளை அவரிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார்.

“அடுத்த ரேஸுக்கு நீயே ஓட்டு” என்றார்.

அன்று திரும்பி வரும்போது காதர் என்னிடம், “ஏனுங்ணா, போர்டு நீங்கதானே காட்டுவீங்க? எனக்குக் கொடியெல்லாம் பாக்கத் தெரியாதுங்ணா. நான் உங்க போர்டைத்தான் பாப்பேன்” என்றான்.

“நீ ஓட்டறதைப் பாரு. எண்றதை நான் பாத்துக்கறேன்” என்றேன்.

3. பெங்களூர்ப் பக்கம்

இரண்டாவது ரேஸில் காதர் ஜெயித்தான். சின்னக் கிளாஸில் முதலாவது. இரண்டாவதாக வந்த பதினேழாம் நம்பரும் ஃபியட்தான், அதுவும் எங்களுடையதைப் போலவே வெளிர் மஞ்சள். கோயமுத்தூர்க்காரர் ஒருவருடைய வண்டி. காதருக்கும் அதற்கும் நாலே செகண்டு வித்தியாசம்.

என் தாளில் ஒரு கோடு பிசகவில்லை. ரேஸ் நடத்துகிறவர்களின் தாளோடு ஒப்பிட்டபோது அவர்களுடையதில்தான் இரண்டு இடத்தில் அடித்தல் திருத்தல் இருந்தது. அங்கே ஒரு வயதான ஆபீசர் என் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “ஒருத்தரே பார்த்து ஒருத்தரே எழுதறீங்களா? கூட ஓர் ஆள் வெச்சுக்கங்க. அவர் நம்பரைச் சொல்லட்டும், நீங்க எழுதுங்க. கண்ணும் கையும் ஒரே ஆளுக்கு வேண்டாம்” என்றார்.

சின்னவர் என்னைப் பார்த்தார். “ஆள் வேணுமாப்பா? ஆபீஸ்ல இருந்து ஒருத்தனைக் கூட்டிக்கலாம்.”

“வேண்டாமுங்க. முந்நூறு பேர் உள்ள வர்றதை ஒருத்தனாத்தான் எழுதறேன். இதென்னங்க, பதினெட்டு வண்டி” என்றேன்.

இதைச் சொல்லும்போது நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

4. பெருக்கல் குறி

மூன்றாவது ரேஸ் சென்னைக்கு வடக்கே, அதுவும் பழைய விமானத் தளம்தான். காதருக்கும் பதினேழுக்கும் யார் முன்னால் வருகிறாரோ அவருக்குக் கோப்பை. காலையில் காதர் என்னோடு உட்கார்ந்து இட்லி சாப்பிட்டான். அவன் மனைவி ஜமீலா கொடுத்துவிட்ட ஊறுகாய் பாட்டிலைத் திறந்து எனக்கும் வைத்தான்.

முதல் ஐந்து ரவுண்டு ஒழுங்காகப் போயிற்று. காதர் முன்னால், பதினேழு பின்னால், மூன்று நாலு செகண்டு. வெயில் ஏறிப் புழுதியும் ஏறியது. ஆறாவது ரவுண்டில் சின்னவர் என் தோளைத் தொட்டு, “இப்ப எத்தனை செகண்டு இருக்குது?” என்றார். நான் வாட்சைப் பார்த்துக் கழித்துக்கொண்டிருந்தேன். அதே நேரம் பெரிய கிளாஸ் வண்டிகள் நாலைந்து மொத்தமாக வந்தன. அவற்றுக்கு நடுவில் ஒரு மஞ்சள் ஃபியட். பதினொன்று என்ற வரிசையில் ஒரு கோடு போட்டேன். மறுபடி குனிந்து செகண்டைக் கழித்தேன். நிமிர்ந்தபோது புழுதிக்குள் ஒரு மஞ்சள் ஃபியட். பதினொன்றில் கோடு போட்டேன்.

இரண்டு ஃபியட்டுக்கும் சேர்த்து ஒரே வரிசையில் இரண்டு கோடு. பதினேழின் வரிசை காலியாகவே நின்றது.

அடுத்த ரவுண்டில் தாளைப் பார்த்தபோது பதினேழு இரண்டு ரவுண்டு பின்தங்கியிருந்தது. “அவன் ரெண்டு ரவுண்டு பின்னாலீங்க” என்று சின்னவரிடம் சொன்னேன். அவர் துள்ளிக் குதித்து, கோப்பை வைத்திருந்த மேஜைப் பக்கம் ஓடினார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் நாலு செகண்டு பின்னால் வந்த வண்டி எப்படி ஒரே அடியில் இரண்டு ரவுண்டு பின்னால் போகும்? நிற்காமல் எப்படிப் போகும்? ஒரு நொடி யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் தாளில் அப்படித்தான் இருந்தது. என் கையெழுத்து. யோசிக்கவில்லை.

காதர் ஒன்பதாவது ரவுண்டை முடித்து வந்தபோது நான் போர்டில் பெருக்கல் குறி போட்டுத் தூக்கிப் பிடித்தேன். பெரிய கிளாஸில் முதலாவது வண்டி அப்போதுதான் பதினைந்தாவது ரவுண்டை முடித்திருந்தது. அதற்காகக் கட்டம் போட்ட கொடியும் ஆடிக்கொண்டிருந்தது. காதர் போர்டைப் பார்த்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான். காலை எடுத்துவிட்டு, ரேஸ் முடிந்தவர்கள் செய்கிறபடி வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டித் தூக்கினான். வண்டி நடு ரோட்டில் வேகம் குறைந்தது.

பின்னால் நடுக் கிளாஸ் வண்டி ஒன்று வந்தது. அதற்கு இன்னும் இரண்டு ரவுண்டு பாக்கி. முன்னால் போகிற வண்டி அங்கே வேகத்தைக் குறைக்கும் என்று நினைக்க அந்த ஆளுக்கு ஒரு காரணமும் இல்லை. பிரேக் போடும் சத்தம்கூடக் கேட்கவில்லை. ஃபியட் வலது பக்கமாகச் சாய்ந்து, சாய்ந்தபடியே வெகு தூரம் இழுபட்டுப் போயிற்று.

நான் போர்டைப் பிடித்தபடி நின்றேன். ஒலிபெருக்கியில், சின்னக் கிளாஸில் பதினேழாம் நம்பர் கடைசி ரவுண்டுக்குப் போகிறது என்று சொன்னார்கள். அப்போதுதான் தாளைப் பார்த்தேன்.

5. ரப்பர்

ஆஸ்பத்திரி வராந்தாவில் மத்தியானம் பூராவும் உட்கார்ந்திருந்தேன். காதரின் வலது கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். தலையிலும் அடி. இடித்த வண்டியை ஓட்டியவரும் கோயமுத்தூர்க்காரர்தான், ஆனால் பதினேழாம் நம்பர்க்காரர் இல்லை, வேறொருவர். தோள் எலும்பு முறிந்து அவர் அடுத்த அறையில் கிடந்தார்.

சின்னவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது. “ரேஸ்காரங்க தாளைக் கேக்கறாங்கப்பா. நீ போர்டு சரியாத்தானே காட்டுன?”

அவர் என்னை மிரட்டவில்லை. பொய் சொல்லச் சொல்லவில்லை. இதை நான் தெளிவாக எழுத வேண்டும். ஏனென்றால் பின்னாளில் இந்தக் கதையைக் கேட்ட ஒருவர், முதலாளி சொல்லித்தான் செய்திருப்பீர்கள் என்று எனக்காகப் பேசினார். அப்படி இல்லை.

“சரியாத்தானுங்க காட்டுனேன். ஒரு ரவுண்டு பாக்கின்னு காட்டுனேன். பெரிய கிளாஸுக்கு ஆட்டுன கொடியைத் தனக்குன்னு நெனச்சுட்டானாட்ட இருக்குது” என்றேன்.

அவர் எழுந்து போனதும் சட்டைப் பையிலிருந்து ரப்பரை எடுத்தேன். பென்சில் கோடுதானே. பதினொன்றில் ஒரு கோட்டை அழித்தேன், பதினேழில் ஒரு கோடு போட்டேன். தாள் சரியாகிவிட்டது. கொண்டுபோய்க் கொடுத்தேன். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. டைம் ஆபீஸில் பதினொரு வருடம் ஒரு நிமிடம்கூடக் கூட்டி எழுதாதவன் என்ற பெயர் எனக்கு இருந்தது.

காதர் கண் விழித்துச் சொல்லட்டும், அப்போது ஒத்துக்கொள்ளலாம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். நான்காம் நாள் கண் விழித்தான். தலையில் பட்ட அடியில், இட்லி சாப்பிட்டதற்குப் பின்னால் நடந்தது எதுவும் அவனுக்கு நினைவில்லை.

“என்னாச்சுங்ணா? நான் ஏன் வண்டியை மெதுவாக்குனேன்?” என்று என்னைத்தான் கேட்டான்.

சின்னவர் சொன்னார், “கொடியைத் தப்பாப் பாத்துட்டயாமாப்பா.”

காதர் என் முகத்தைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன்.

6. கும்பிட்டது

வலது கை இல்லாதவன் நிட்டிங் மெஷினில் ஊசி மாற்ற முடியாது. காதருக்குக் கேட்டில் வாட்ச்மேன் வேலை கொடுத்தார்கள். அவன் ஸ்டூல் என் ஜன்னலுக்கு நேர் எதிரே. தினமும் காலையில் முதல் பெயராக அவன் பெயரைத்தான் எழுதுவேன்.

சின்னவர் காரை விற்றுவிட்டார். அதற்குப் பிறகு ரேஸ் பக்கம் போகவில்லை. அந்த ஆத்திரம் அவருக்குக் காதர் மேல் இருந்தது. வைது ஒன்றும் சொல்ல மாட்டார். கேட்டுக்குள் வரும்போது அவன் பக்கம் திரும்ப மாட்டார், அவ்வளவுதான்.

ஆறு மாதம் கழித்துக் காதர் என்னிடம் வந்தான். “அண்ணா, என்னால அடிபட்டாரே, அந்தக் கோயமுத்தூர்க்காரரு, அவரைப் போய்ப் பாக்கோணும். ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வருமுங்க. நீங்க கூட வாங்க.”

போனேன். போகாமல் இருக்க ஒரு சாக்கும் கிடைக்கவில்லை. நல்ல மனிதர் அவர். எங்களை உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தார். தோளை முன்போல் தூக்க முடியவில்லை என்று சொல்லிச் சிரித்தார். காதர் உட்காரவில்லை. “கொடி பாக்கத் தெரியாம வண்டி ஏறிட்டேனுங்க. என்னை மன்னிச்சிருங்க” என்று இருக்கிற ஒரு கையை நெஞ்சுக்கு நேரே வைத்துக் குனிந்தான். கும்பிடுவதற்கு இன்னொரு கை இல்லை.

அந்தச் சமயத்திலாவது சொல்லியிருக்கலாம். காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தேன்.

7. சொன்னது

ஒன்பது வருடம் போயிற்று. அதற்குள் காதர் வேறு ஆளாகிவிட்டான். கேட்டைப் பூட்டிவிட்டு நாலு தடவை இழுத்துப் பார்ப்பான். லாரி உள்ளே வந்தால் நம்பரை எழுதிக்கொண்டு என்னிடம் ஓடி வருவான். “சரியா இருக்குதுங்களா, ஒருக்காப் பாருங்ணா.” ரோட்டைத் தாண்ட வேண்டுமென்றால் யாராவது தாண்டும்வரை நிற்பான். மெஷினின் சத்தத்தை வைத்து மடங்கிய ஊசியைக் கண்டுபிடித்தவன், தன் கண்ணையே நம்பாமல் போனான்.

அந்தச் சமயத்தில் பெரிய முதலாளி அவனுக்கு நூல் குடோனில் சூப்பர்வைசர் வேலை தரலாம் என்றார். காதர் மாட்டேன் என்றுவிட்டான். அடுத்த நாள் ஜமீலா டைம் ஆபீஸுக்கே வந்தாள்.

“நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்ணா. கொடி பாத்தே ஏமாந்தவன், என்னை நம்பி ஒரு பொறுப்பும் குடுக்க வேண்டாம்னு சொல்றாரு. ஊட்லயும் அப்படித்தானுங்க. அடுப்பு அணைஞ்சுதான்னு பத்துத் தடவை கேக்கறாரு. நீங்க சொன்னா கேப்பாருங்ணா. அன்னைக்குக் கூட இருந்தவரு நீங்கதானே.”

மதியச் சாப்பாட்டுக்குச் சங்கு ஊதியது. எல்லோரும் கேண்டீன் பக்கம் போனார்கள். நான் கேட்டுக்குப் போய்க் காதரின் ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன். போர்டு, இரண்டு கோடு, ரப்பர், எல்லாம். உட்காரவில்லை. உட்கார்ந்தால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று பயம்.

காதர் கேட்டு முடித்துவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு மாட்டு வண்டி நூல் மூட்டை ஏற்றிக்கொண்டு போயிற்று.

“பென்சில்ல எழுதுனதுங்களா?” என்றான்.

“ஆமா.”

“கோயமுத்தூருக்கு நீங்க கூட வந்தீங்க.”

“வந்தேன்.”

“பக்கத்துலயே இருந்தீங்க.”

நான் தலையை ஆட்டினேன்.

“கை போனது போச்சுங்க. ரேஸுன்னா அதெல்லாம் இருக்குது. தப்பு யாருக்கும் வருமுங்க, அன்னைக்கே சொல்லியிருந்தா நானே போனாப் போகுது உடுங்ணான்னு சொல்லியிருப்பேன். ஆனா ஒம்பது வருசமா என்னை நானே கிறுக்கன்னு நெனச்சிட்டிருந்தேனுங்களே. அதை எங்கீங்க போய் வாங்கறது?” அவன் குரல் ஏறவே இல்லை. “போங்ணா. சாப்பிடுங்க. நேரமாச்சு.”

அவன் என்னோடு பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

சாயங்காலம் சின்னவரிடமும் போய்ச் சொன்னேன். என்னை வேலையை விட்டு நிறுத்துவார் என்று எதிர்பார்த்தேன். நிறுத்த வேண்டும் என்றுகூட ஆசைப்பட்டேன். அவர் மேஜையில் இருந்த துணி சாம்பிளைப் புரட்டிக்கொண்டே, “இப்பச் சொல்லி என்னப்பா பண்றது? பழசையெல்லாம் கிளறாத. போயி வேலையப் பாரு” என்றார். அதற்குப் பிறகும் கேட்டுக்குள் வரும்போது அவர் காதர் பக்கம் திரும்பவில்லை. பழகிப் போயிருந்தது.

காதர் குடோன் வேலையை எடுத்துக்கொள்ளவில்லை. உண்மை தெரிந்தால் மனது தேறிவிடும் என்று நான் நினைத்தது தப்பு. கேட்டை அப்போதும் நாலு தடவைதான் இழுத்துப் பார்த்தான். லாரி நம்பரைச் சரிபார்க்க என்னிடம் வருவதை மட்டும் நிறுத்திவிட்டான். அடுத்த வருடம் ஜமீலாவின் அண்ணன் இருந்த தாராபுரத்துக்குக் குடும்பத்தோடு போய்விட்டான்.

8. கடைசியாக

அவன் இறந்த செய்தி நாலு நாள் கழித்துத்தான் எனக்குக் கிடைத்தது. தாராபுரம் போனேன். ஜமீலா வாசல்வரை வந்தாள். உள்ளே கூப்பிடவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. சொம்பில் தண்ணீர் கொடுத்தாள், குடித்தேன்.

“என்னைப் பத்தி ஏதாவது சொன்னானாம்மா?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“இல்லீங்க. நல்லதும் சொல்லலீங்க, கெட்டதும் சொல்லலீங்க” என்றாள். சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

ரிட்டயர் ஆகும்வரை, டைம் ஆபீஸுக்குப் புதிதாக வருகிற பையன்களுக்கு இரண்டு விஷயம் சொல்லிக் கொடுத்தேன். எண்ணுகிற வேலையில் கூட ஓர் ஆளை வைத்துக்கொள்ள வெட்கப்படாதீர்கள். தப்பாக எழுதிவிட்டால் அந்த ஷிப்டு முடிவதற்குள் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள், யார் முன்னால் அவமானப்பட வேண்டியிருந்தாலும் சரி. தள்ளிப்போட்டுச் சொன்னால், சொன்னவனுக்கும் ஆறுதல் இல்லை, கேட்டவனுக்கும் இல்லை. பையன்கள் சரிங்க சார் என்பார்கள். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று ஒரு பையன்கூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் காதரின் பெயரைச் சொல்லியிருப்பேனா என்று எனக்கே தெரியவில்லை. எழுத்தில் இப்போதுதான் முதல் தடவையாகச் சொல்கிறேன்.